ஆண்கள் வெளியே உட்காரவும்

"கியர்ல கை வைக்கப் போறேம்மா. உங்க கை மேல என் கை படும். வைக்கட்டுமா?"

வண்டி ஓட்டப் பழக வந்திருந்த, வங்கியில் வேலை பார்க்கும் பெண் சிரித்துவிட்டாள். வண்டியோ முதல் கியரில் முக்கி முனகிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அலறுகிறது. இந்த அமளிதுமளிக்கு நடுவே அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும் மனுஷரை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. "வைங்க மாஸ்டர், சீக்கிரம் வைங்க" என்றாள். மாஸ்டர் கியரை இரண்டாவதுக்குத் தள்ளினார். தள்ளிய கையை உடனே எடுத்துத் தன் முழங்காலின் மேல் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

யாராக இருந்தாலும் அவர் இப்படித்தான். ஓய்வுபெற்ற பிறகு கார் வாங்கிய தாசில்தாரிடமும் கேட்டார். மீசை முளைத்து முடிக்காத கல்லூரிப் பையனிடமும் கேட்டார். சீட் பெல்ட் சிக்கிக்கொண்டால், "நான் குனிஞ்சு எடுக்கட்டுமா, நீங்களே எடுக்கறீங்களா?" என்பார். மற்ற டிரைவிங் ஸ்கூல்காரர்கள் அவருக்கு 'கேட்டுத்தொடு மாஸ்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டீக்கடையில் அவர் கண்ணாடி டம்ளரை எடுத்தால், "டம்ளர்கிட்ட கேட்டீங்களா மாஸ்டர்?" என்று ஒருவன் கண்டிப்பாகச் சொல்வான். மாஸ்டரும் கூடவே சிரிப்பார். அதே டீக்கடையில் இன்னும் இரண்டு மாஸ்டர்கள் டீ குடிக்கிறார்கள். ஸ்டியரிங் பிடித்துக்கொடுக்கும் சாக்கில் அவர்கள் முழங்கை போகாத இடமில்லை. அவர்களுக்கு மட்டும் இதுவரை ஒருவரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

சொல்லிக்கொடுப்பதில் மாஸ்டரை மிஞ்ச ஆளில்லை. "பிரேக் போட வெக்கப்படாதீங்க. வெக்கப்பட்டவங்க வண்டியெல்லாம் சுவத்துலதான் நிக்குது" என்பார். "கண்ணாடியைப் பாருங்க. உங்க மூஞ்சியை இல்ல, பின்னாடி வர்றவன் மூஞ்சியை" என்பார். மேம்பாலத்தில் வண்டி அணைந்துபோய் அழுகைக்கே வந்துவிட்ட பெண்களிடம், "ஒண்ணும் குடிமுழுகிப் போயிடலை, பின்னாடி நிக்கறவனும் ஒருநாள் இங்க வண்டியை அணைச்சவன்தான்" என்பார். நாற்பத்தைந்து வயது. நல்ல உயரம், கனத்த தோள்கள், அந்தத் தோள்களுக்குச் சம்பந்தமில்லாத மெல்லிய குரல்.

தலையைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். முன்பக்கம் ஒழுங்காக இருக்கும், பின்பக்கம் எலி கடித்த பாய் மாதிரி இருக்கும். தன் முடியைத் தானே வெட்டிக்கொள்கிறவர். சலூனில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டுவார்கள், பின்னால் வந்து நிற்பார்கள். "எனக்குக் கழுத்துல துணி ஆகாது" என்று, கத்திரிக்காய் ஆகாது என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்வார். லிஃப்ட் ஆகாது, படியேறுவார். ஓட்டலில் சுவரோரத்து மேஜை காலியாகும்வரை நிற்பார். கட்டிலில் படுத்தால் தூக்கம் வராது. மதியம் மைதானத்து மரநிழலில் வண்டியை நிறுத்தி, நாலு கதவையும் பூட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்குவார். அவருடைய தூக்கம் என்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

"இந்த மனுஷனுக்கு எல்லாமே ஆகாது. ஆகறது நான் ஒருத்திதான்" என்பாள் அவர் மனைவி.

அவள் மின்வாரியத்தில் புகார் பிரிவில் தொலைபேசி எடுப்பவள். ஊரே இருட்டில் கிடந்து அவளைத் திட்டும்போதும் குரல் மாறாமல் பேசப் பழகியவள். அவர்களுக்குப் பதினான்கு வயதில் ஒரு மகள். அந்தப் பெண்ணை ஒரு நாள், ஒரு பொழுது, எந்தச் சொந்தக்காரர் வீட்டிலும் மாஸ்டர் விட்டுவைத்ததில்லை. "பொண்ணைப் பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டிக்கோ" என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். மனைவிக்கும் அதில் அவர்மேல் வருத்தம்தான்.

மாஸ்டரின் வயிறு பல வருஷமாக எரிகிறது. கழுத்து மரக்கட்டை. இரத்த அழுத்தம் ஏறியது இறங்கவில்லை. பார்க்காத டாக்டர் இல்லை. ஒருவர் கேஸ் என்றார். ஒருவர் காரத்தைக் குறைக்கச் சொன்னார். ஒருவர், சட்டையைக் கழற்றச் சொல்வதுபோல, "டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வயிற்றுக்கென்றே இருக்கிற பெரிய டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கலாம் என்றார். மாஸ்டர் எழுந்து வந்துவிட்டார். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று அவர் சீட்டில் எழுதினார்கள். ஏன் ஒத்துழைக்கவில்லை என்று கேட்க அந்த அறையில் ஒருவருக்கும் நேரமில்லை.

போன வருஷம் கடவாய்ப்பல் உடைந்தது. கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிக்கொண்டது. மனைவிதான் கையோடு பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். பல் டாக்டர் இளவயசுக்காரர், கலகலப்பானவர். மாஸ்டரை உட்காரவைத்து, கழுத்தில் துணியைக் கட்டி, ஏதோ பட்டனை அழுத்தினார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. மேலே விளக்கு, விளக்கை மறைத்துக்கொண்டு ஒரு முகம். "வாயைத் திறங்க. ஒண்ணும் ஆகாது, சும்மா இருங்க."

அடுத்து நடந்தது மாஸ்டருக்கே சரியாகத் தெரியாது. தட்டு பறந்தது, கண்ணாடியும் கொக்கிகளும் தரையெங்கும் சிதறின. டாக்டர் சுவரோடு ஒட்டி நின்றார். மாஸ்டர் கழுத்துத் துணியோடு தெருவுக்கு ஓடிவந்து, ஒரு பழக்கடை ஓரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் வேர்வை. பல் டாக்டரின் உதவியாளன் வாசலில் வந்து நின்று, "இம்புட்டுப் பெரிய ஆம்பள, ஊசிக்குப் பயமா?" என்று தெருவே கேட்கச் சிரித்தான். பின்னாலேயே ஓடிவந்த மனைவியும் முதலில் சிரித்தாள். பிறகு அவர் கழுத்துத் துணியின் முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் பிய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

மறுநாள் காய்ச்சல். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நின்று ஒரு பெண் டாக்டரைப் பார்த்தார். வீக்கத்துக்கு மாத்திரை எழுதிக்கொண்டே அவர், "பல்லை எடுக்கணுமே, பல் டாக்டர்கிட்ட போகலையா?" என்று கேட்டார். மாஸ்டர் நடந்ததைச் சொன்னார், பாதி வெட்கத்தோடு, பாதி ஜோக்காக. டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

"நாற்காலி சாயும்போது உங்களுக்கு என்ன ஆச்சு?"

மாஸ்டர் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டு மேஜையைப் பார்த்தார்.

"சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஆனா கேக்கறது என் வேலை. எப்பவாவது, சின்ன வயசுலயோ அப்புறமோ, உங்க விருப்பம் இல்லாம யாராவது உங்க உடம்பைத் தொட்டிருக்காங்களா?"

அவ்வளவு சின்னக் கேள்வி. கேட்பதற்கு ஒரு மூச்சுகூட ஆகாது. வயிற்று டாக்டர், கழுத்து டாக்டர், இரத்த அழுத்த டாக்டர் என்று இத்தனை பேர் இத்தனை வருஷம் அவரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்களே, அதில் ஒருத்தர் வாயில் இந்தக் கேள்வி வரவில்லையே! எதிரே இருக்கிறவன் தோள் அகலமாக இருந்தது, மீசை இருந்தது. அதனால் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மாஸ்டர் சொன்னார். அதிகம் சொல்லவில்லை. அப்போது பதினொரு வயது. பையன் கணக்கில் மக்கு என்று அப்பாவின் தம்பியிடம் பாடம் படிக்க அனுப்பினார்கள். சித்தப்பா கணக்கில் புலி, எல்லாருக்கும் நல்லவர், ஊரில் மரியாதைப்பட்டவர். பாடம் சொல்லிக்கொடுக்கும்போது கதவைச் சாத்துவார். அந்த வருஷம் முழுக்க. அதற்கு மேல் மாஸ்டர் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை.

"அம்மாகிட்ட சொன்னேன் டாக்டர். ஒரே ஒரு தடவை. பளார்னு அறைஞ்சாங்க. இன்னொரு தடவை இந்த வாய் அதைச் சொல்லிச்சுன்னா சூடு வைப்பேன்னாங்க. அன்னிக்கு மூடினதுதான்."

டாக்டர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, இருவருக்கும் நடுவே இடம் விட்டார். "உங்களுக்குத் தைரியம் இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உங்க உடம்பு காவல் காக்குது. முப்பது வருஷத்துக்கு மேலா லீவே எடுக்காம காவல் காக்குது. வயிறு எரியாம, கழுத்து இறுகாம, தூக்கம் கெடாம எப்படி இருக்கும்? ராத்திரியெல்லாம் பல்லைக் கடிச்சிருக்கீங்க. அந்தக் கடவாய்ப்பல் கடிச்சுக் கடிச்சே உடைஞ்சிருக்கு. இதுக்கு வைத்தியம் இருக்கு. பேசறதுக்கு ஆளும் இருக்காங்க. இந்த வளாகத்துலயே ஒரு மையம் இருக்கு, போய்ப் பாருங்க. பல்லையும் விட்டுடாதீங்க. மாத்திரை அதைத் தள்ளித்தான் போடும், தீர்க்காது."

வெளியே வந்து மருத்துவமனைச் சுவரில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றார். அன்றைக்கே போனால் உண்டு, வீட்டுக்குப் போய் யோசித்தால் இந்தப் பிறவியில் போகப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. போனார்.

மையம் இரத்த வங்கிக்குப் பின்னால் இருந்தது. புதிதாக வெள்ளையடித்த சின்னக் கட்டடம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அங்கே சிகிச்சை, ஆலோசனை, சட்ட உதவி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும். வாசலில் ஒரு பலகை: ஆண்கள் வெளியே உட்காரவும். பலகைக்குக் கீழே ஒரு பெஞ்சு. அதில் யாரோ ஒரு பெண்ணின் அப்பாவும் யாரோ ஒரு பெண்ணின் அண்ணனும் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழாமலேயே கேட்டார்.

"யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"யாரையும் கூட்டிட்டு வரல."

"அப்ப யாருக்கு?"

அந்தப் பெஞ்சில் இருந்த இருவரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள்.

"யாருக்குங்க? சொன்னாத்தானே உள்ள சொல்ல முடியும்?"

"எனக்கு."

காவலாளிக்குப் புரியவில்லை. புரிந்தபோது அவர் முகத்தில் வந்தது சிரிப்பா என்ன என்று மாஸ்டர் நின்று பார்க்கவில்லை. நேரே உள்ளே போய்விட்டார். "ஏங்க, ஏங்க" என்று காவலாளி பின்னால் வர, உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் ஆலோசகர் எழுந்தார். நரை ஓடிய தலை, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திராத முகம். டாக்டர் அனுப்பியதாகச் சொன்னதும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியும் என்ன செய்ய?

"சார், மன்னிச்சுக்கோங்க. இங்க பெண்களும் குழந்தைங்களும் மட்டும்தான். விதி அப்படி இருக்கு."

"குழந்தைங்கன்னா பையன்களும் உண்டா?"

"உண்டு சார். பதினெட்டு வயசு வரைக்கும்."

"எனக்கு அப்ப பதினொரு வயசுங்க. அப்பவே வந்திருந்தா சேத்துக்கிட்டிருப்பீங்களா?"

ஆலோசகர் மேஜைமேல் விரித்திருந்த பதிவேட்டை மூடினார்.

"வந்திருப்பேன். அறைஞ்சு உக்கார வச்சுட்டாங்க. பஸ்ஸைத் தவற விட்டவனைப் பாத்து, நேத்தே வந்திருக்கணும்னு சொல்றீங்க." அந்த மெல்லிய குரல் உயர்ந்துவிட்டது. மேம்பாலத்து உச்சியில் வண்டியைப் பின்னோக்கி விட்டவனிடம்கூட உயர்ந்திராத குரல். உள்ளறையில் ஒரு பெண் பயந்து, பேச்சை நிறுத்தியது கேட்டது. மாஸ்டருக்கும் கேட்டது. சட்டென்று குரலை இறக்கினார். "அவங்க பயப்படுவாங்க, எனக்குத் தெரியுது. ஒரு ஆம்பள நிழல் பட்டாலே உடம்பு பதறும், அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அவங்களுக்காகப் பின்வாசல் வழியா வாங்கன்னு சொல்லுங்க, வரேன். வேற நேரத்துல வாங்கன்னு சொல்லுங்க, வரேன். வாசலே இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க."

சொல்லிவிட்டு வெளியேறினார். பெஞ்சில் இருந்த அப்பா, மெள்ள நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். மாஸ்டர் உட்காரவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியின் அலுவலக வாசலில் வண்டியோடு நின்றார். எப்போதும் அவள் பஸ்ஸில்தான் வருவாள். மைதானத்து மரத்தடியில் நிறுத்தி, முன்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். முடிந்த பிறகு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நம்ம கல்யாணத்துல முன்வரிசைல உக்காந்திருந்தாரே, அந்த ஆளா?"

"ஆமா."

"அந்த ஆளுக்கா நான் இந்தக் கையால சோறு போட்டேன்?" என்று தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். அப்புறம் அழுதாள். அழுகையா ஆத்திரமா என்று பிரிக்க முடியாத அழுகை. டாஷ்போர்டை ஓங்கி ஓங்கிக் குத்தினாள். "ஏன் இத்தனை வருஷம் எங்கிட்ட சொல்லலை" என்று கேட்பாள் என்றுதான் மாஸ்டர் பயந்துகொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை. "பொண்ணை எங்கயும் விட மாட்டேன்னு நின்னீங்களே. நான்கூட சேந்து திட்டினேனேங்க" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவள் மையத்துக்குத் தொலைபேசி செய்தாள். புகார் பிரிவின் குரல்.

"வணக்கம்மா. நேத்து உங்ககிட்ட ஒருத்தர் வந்தார், ஆம்பளைங்களுக்கு இடம் இல்லைன்னு அனுப்பிட்டீங்க. அவரோட மனைவி பேசறேன். நான் பதினாறு வருஷமா புகார் எடுக்கறவ. 'இது எங்க ஏரியா இல்ல, அந்த ஆபீஸ்ல கேளுங்க'ன்னு தினம் நூறு பேருக்குச் சொல்றவ. அதனால அதை மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க."

மறுமுனையில் ஆலோசகர் பெருமூச்சு விட்டார். "சொல்ல மாட்டேம்மா. நேத்து ராத்திரி பூரா அவர் முகம்தான். நானே அந்த டாக்டர்கிட்ட கேட்டு உங்க நம்பரை வாங்கணும்னு இருந்தேன்."

ஆலோசகர் மேலதிகாரியிடம் போனார். மேலதிகாரி கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "இத்தனை வருஷத்துல ஒரு ஆம்பளையும் வந்ததில்லையேம்மா. ஒருத்தருக்காக எதுக்கு?" என்றார்.

"வெளிய உக்காருன்னு வாசல்லயே எழுதி வச்சிருக்கோம் சார். எப்படி வருவாங்க?"

அதிகாரிக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. கொஞ்ச நேரம் விதிகளைப் புரட்டினார். கடைசியில், பெண்கள் வராத நேரமாக, வேறு வாசலாக இருந்தால் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் தனியாக ஆள் தர முடியாது, அறையும் தர முடியாது, அந்த நேரத்தைச் சம்பளத்தில் சேர்க்கவும் முடியாது என்றார். இத்தனை 'முடியாது'க்கு நடுவே ஒரு 'பார்த்துக்கொள்ளலாம்' கிடைத்ததே என்று ஆலோசகர் அதைப் பிடித்துக்கொண்டார். உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த பக்கத்து அறையில் பாதியைக் காலி செய்தார். புதன்கிழமை மதியம், தன் சாப்பாட்டு நேரத்தையும் அதற்கு மேல் கொஞ்சத்தையும் அதற்கு ஒதுக்கினார். ஒரு அரசாங்கம் செய்யவேண்டிய வேலை, ஒரு பெண்மணியின் பட்டினியில் நடக்க ஆரம்பித்தது.

முதல் புதன்கிழமை ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி: "கதவு மூடியிருக்கணுமா, திறந்திருக்கணுமா?"

மாஸ்டர் நிறைய யோசித்து, "பாதி" என்றார்.

அன்றைக்குச் சித்தப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை. வயிற்றைப் பற்றிப் பேசினார்கள், தூக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். மிரண்டுபோகும்போது காலைத் தரையில் ஊன்றி, கண்ணில் படுகிற பொருளையெல்லாம் மனசுக்குள் பெயர் சொல்லிக்கொண்டே வர ஆலோசகர் பழக்கினார். மூன்றாவது சந்திப்பிலோ நான்காவதிலோதான் மாஸ்டர் அழுதார். சட்டப்படி புகார் கொடுப்பதைப் பற்றியும் ஆலோசகர் சொன்னார். "குடுக்கறதும் குடுக்காததும் உங்க முடிவு. எப்ப முடிவு பண்ணினாலும் வக்கீலைக் கூட்டிட்டு வரேன். முடிவே பண்ணலைன்னாலும் புதன்கிழமை நான் இருப்பேன்." மாஸ்டர் இன்னும் முடிவு பண்ணவில்லை. பண்ணியிருக்கவேண்டும் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்ல நாம் யார்?

இப்போது அந்தப் பக்கத்து வாசலில் அவர் மட்டும் நிற்பதில்லை. மூட்டை தூக்கும் ஒருவர் வருகிறார். கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், யாரும் பார்த்துவிடாமல் தொப்பி போட்டுக்கொண்டு வருகிறார். காது கேட்கும் கருவி மாட்டிய ஒரு பெரியவர் வருகிறார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வருவார், உட்காருவார், ஒரு வார்த்தை பேசாமல் போவார், அடுத்த வாரமும் வருவார். ஒரு ஆம்பளையும் வந்ததில்லையாம்! அந்தப் பலகையும் முன்வாசலில் இன்னும் அப்படியேதான் தொங்குகிறது. எடுக்கச் சொல்லி ஆலோசகர் எழுதிய கடிதத்துக்கு மேலதிகாரியிடமிருந்து பதில் வரவில்லை.

மாஸ்டரின் அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது இதற்கிடையில்தான். பல்லை இன்னும் எடுத்திருக்கவில்லை. வீக்கம் மாத்திரைக்கு அடங்குவதும் மறுபடி தலைதூக்குவதுமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, மகள் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பாவுக்கு நெஞ்சு வலிடா. உங்க ஊர்லதான் பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. ஒரு மாசம் உன் வீட்டுல தங்கிப் பாத்துக்கட்டும். வீட்டுல படிக்கற பொண்ணு இருக்கு, அவளுக்கும் கணக்குச் சொல்லித் தருவாரு."

மனைவிக்கு அந்தப் பக்கத்துக் குரல் கேட்டுவிட்டது. ஒரே பாய்ச்சலில் வந்து போனுக்குக் கை நீட்டினாள். மாஸ்டர் தலையை ஆட்டி, தானே பேசுவதாகச் சைகை காட்டினார்.

"வரக் கூடாதும்மா."

"என்னடா பேசறே?"

"அவரு இந்த வீட்டு வாசல்ல கால் வைக்கக் கூடாது. ஏன்னு உங்களுக்குத் தெரியும். நான் உங்ககிட்ட சொன்னேன்."

பிறகு அம்மாவின் குரல் தாழ்ந்து வந்தது. "இப்ப எதுக்குடா அதெல்லாம்? வயசாயிடுச்சு. அவரே எல்லாத்தையும் மறந்திருப்பாரு."

"அவரு மறந்திருப்பாரும்மா. அவருக்கு என்ன? என் வயித்துக்கு மறக்கலை. என் பல்லுக்கு மறக்கலை."

"அந்தக் காலத்துல நான் என்னடா பண்ணியிருக்க முடியும்? உங்கப்பாகிட்ட சொல்லியிருந்தா குடும்பம் ரெண்டா போயிருக்கும்."

"குடும்பம் நல்லாத்தான் இருந்துச்சும்மா. நான்தான் ரெண்டா போனேன்."

"நாலு பேர் கேட்டா என்னடா சொல்லுவேன்? சொந்தச் சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்கு வர வேணாம்னு..."

"நாலு பேர் கேட்டா எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. நான் சொல்றேன்."

போனை வைத்தார். எழுந்து குளியலறைக்குப் போய், குடித்த தண்ணீர்வரை வாந்தி எடுத்தார். வெற்றி பெற்றவர் முகமாக அது இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் வயதுக்குச் சொல்லவேண்டியதை மட்டும், சொல்லவேண்டிய அளவுக்கு மட்டும் சொன்னார். அந்தப் பெண் கேட்டுவிட்டு, "பாட்டி ஏம்ப்பா உங்களை அடிச்சாங்க?" என்றாள்.

அம்மா அதற்குப்பின் பல வாரம் பேசவில்லை. சொந்தக்காரர்கள் பேசினார்கள், நிறையப் பேசினார்கள். பெற்றவளை அழவைத்தவன் என்றார்கள், வயசான காலத்தில் ஒரு நல்ல மனுஷர்மேல் சேற்றை வாரி இறைக்கிறான் என்றார்கள். பெண் கொடுக்கவேண்டிய வீடு என்று நினைப்பு இருக்கிறதா என்று ஒரு பெரியம்மா கேட்டாள். நல்ல மனுஷர் இன்னொரு உறவினர் வீட்டில் தங்கி, நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, மரியாதையோடு ஊர் திரும்பினார். அவரை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வீக்கம் மறுபடி கண்வரை ஏறியபோது, மாஸ்டரே பல் டாக்டருக்குப் போன் செய்தார். எப்படிப் பேசவேண்டும் என்று ஆலோசகரோடு ஒரு புதன்கிழமை முழுக்கப் பேசிப் பார்த்திருந்தார்.

"டாக்டர், நான்தான் அன்னிக்கு உங்க தட்டைத் தட்டிவிட்டவன். டிரைவிங் ஸ்கூல்காரன்."

"அடடே, நீங்களா? பரவாயில்லைங்க, வாங்க. மயக்க மருந்து வேணா..."

"இல்ல டாக்டர். வர்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும். சின்ன வயசுல எனக்கு ஒரு கொடுமை நடந்துச்சு. யாராவது மேல குனிஞ்சு நின்னா என்னால முடியாது. அதனால நாற்காலியைச் சாய்க்காதீங்க. கழுத்துல துணி கட்டாதீங்க. என்ன பண்ணப் போறீங்கன்னு முதல்ல சொல்லிட்டுப் பண்ணுங்க."

பல் டாக்டர், அந்தக் கலகலப்பெல்லாம் வடிந்த குரலில், "இது எங்களுக்குப் படிப்புல யாரும் சொல்லித் தரலைங்க" என்றார். "சொன்னதுக்கு நன்றி. வாங்க."

உதவியாளனை அன்று வெளியே உட்காரவைத்திருந்தார். மனைவி வாசலோரம் ஸ்டூலில், மாஸ்டர் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்தாள். நாற்காலி நிமிர்ந்தே இருந்தது. பல் டாக்டர் பக்கவாட்டில் ஒரு முக்காலியில், அவருக்கும் கீழே தாழ உட்கார்ந்துகொண்டு, ஊசி எங்கே போடுவேன், அப்புறம் எது உள்ளே வரும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மரத்துப்போக ஊசி போட்டார். மாஸ்டர் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"இந்த மெஷின் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும். உங்க வலது கையைத் தூக்கினா உடனே நிறுத்திடுவேன். எதுக்குத் தூக்கினீங்கன்னு கேக்க மாட்டேன்."

மெஷின் கிர்ரென்றது. பல்லில் படுவதற்கு முன்பே மாஸ்டரின் வலது கை மேலே போனது.

மெஷின் நின்றது. பல் டாக்டர் கருவியை வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

கை இறங்கியது. மெஷின் மறுபடி கிர்ரென்றது. கை மறுபடி மேலே போனது. மெஷின் நின்றது. பல் டாக்டர் கேட்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, காத்திருந்தார்.

மாஸ்டர் தூக்கிய கையை அப்படியே கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்தார். வலித்தவர் முகமாக அது இல்லை. தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை இறக்கி முழங்காலில் வைத்துக்கொண்டு, தானாகவே வாயை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தார்.